அன்னபாக்கியத்தின் லாபப் பெட்டி

அன்னபாக்கியத்துக்குக் குரல் பெரிது. நெளுக்குளத்தில் ஹமீட் முதலாளியின் குஞ்சு பொரிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தக் குரலால்தான் என்று அவளுடைய புருசன் ஐயாத்துரை சொல்லுவார். அவள் வேலைக்குப் போன நேரத்தில் தன் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவார். பாதி பகிடி, பாதி உண்மை. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் கீச்சிட, பின்பக்கத்தில் ஜெனரேற்றர் உறும, வாசலில் நிற்கும் லொறியில் எத்தனை பெட்டி ஏறியது என்று எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணிச் சொல்ல ஒரு தொண்டை வேண்டும். அந்தத் தொண்டை அவளிடம் இருந்தது.

பிறந்தது வடமராட்சி. தகப்பனுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி கிடைத்தபோது நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. வளர்ந்தது, கலியாணம் கட்டியது, கடன் பட்டது, நெல் விதைத்தது எல்லாம் வன்னியில். கடைசி இடப்பெயர்வில் வவுனியாவுக்கு வந்து, ஒரு சின்ன வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு ஊருக்குத் திரும்பலாம் என்று ஐயாத்துரை சொன்னார். காணியில் மிதிவெடி எடுத்து முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அவள் சொன்னாள். அந்த இடைவெளியில்தான் ஹமீட் முதலாளி வந்து சேர்ந்தார்.

ஹமீட்டும் ஊர் விட்டுப் போனவர்தான். முல்லைத்தீவில் நெல்லும் உப்பும் விற்ற கடைக்காரர். தொண்ணூறில் முஸ்லிம் சனங்கள் வடக்கை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது கடைப் பூட்டின் திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு புத்தளத்துக்குப் போனவர், பன்னிரண்டு வருசம் கழித்து வந்து பார்த்தார். திறப்பு இருந்தது, கடை இல்லை. அழுது முடித்து, வவுனியாவில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். தெற்கிலிருந்து ஒரு கொம்பனி முட்டை அனுப்பும். இவர் மெசினில் வைத்துப் பொரிக்கவேண்டும். பொரித்த குஞ்சு, இறைச்சிக்கு வளர்க்கும் புறொயிலர், ஓமந்தை, மாங்குளம், செட்டிகுளம் என்று வளர்ப்பவர்களின் கொட்டில்களுக்குப் போகும். நாற்பது நாளில் கோழியாகி அதே கொம்பனியின் லொறியில் திரும்ப ஏறும்.

கேட்க எளிது. ஆனால் வந்த முட்டை எத்தனை, வெளிச்சம் பிடித்துப் பார்த்துக் கழித்தது எத்தனை, பொரியாமல் கிடந்தது எத்தனை, பெட்டியில் போனது எத்தனை, கொட்டிலில் செத்தது எத்தனை, கோழியாய் வந்தது எத்தனை என்று கொம்பனிக்கு எல்லாம் போய்ச் சேரவேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த முறை முட்டை வராது. முட்டை வராவிட்டால் மெசின் வெறும் அலுமாரி.

அன்னபாக்கியம் அந்தச் சங்கிலியின் வாசல் கண்ணி. ஒவ்வொரு லொறிக்கும் புதிதாக எண்ணத் தொடங்குவாள். தொடக்கம் எப்போதும் ஒன்றுதான்.

“லாபம்!” என்று முதல் பெட்டிக்குக் கூப்பிடுவாள். “ரெண்டு! மூண்டு! நாலு!”

நெல் அளக்கும் வீட்டில் பிறந்த எவரும் முதல் கொத்தை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். தனி ஒன்றாக நின்றுவிடக் கூடாது, பெருகவேண்டும் என்று லாபம் என்றே தொடங்குவார்கள். அவளுடைய தகப்பன் அப்படித்தான் அளந்தார், அவளும் அப்படித்தான் அளந்தாள். குஞ்சுப் பெட்டிக்கு மட்டும் வேறு மாதிரி எண்ண அவளுக்கு வாய் வராது. ஹமீட்டும் கடையில் அப்படி அளந்தவர்தானே, அதனால் பக்கத்தில் நின்று எழுதிய காலமெல்லாம் அவருக்கு அதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. அவள் கடைசியாக எந்த எண்ணில் நிறுத்துகிறாளோ அதை எழுதுவார். ஒரு வருசத்துக்கு மேல் ஒரு பிசகும் இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு தொடக்கத்தில் கொம்பனிக்குக் கொம்பியூட்டர் ஆசை வந்தது. எல்லாக் கணக்கும் அதில்தான் வரவேண்டும் என்றார்கள். ஹமீட்டுக்குக் கொம்பியூட்டரைக் கண்டாலே வேர்க்கும். புத்தளத்திலிருந்து தன் தங்கையின் மகள் றினோஸாவைக் கூப்பிட்டார். கெட்டிக்காரி. குருநாகல் பக்கம் இன்னொரு குஞ்சு பொரிக்கும் இடத்தில் ஒரு வருசம் வேலை பார்த்தவள். பெரியவர்களுக்கு மரியாதை தெரிந்தவள். வந்த முதல் நாளே அன்னபாக்கியத்தை ‘அன்ரி’ என்று கூப்பிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முதல் லொறிக்கு அன்னபாக்கியம் “லாபம்!” என்று கூப்பிட்டபோது மட்டும் பேனையைக் கொஞ்சம் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஏதோ விளங்கியது போலத் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் யாராவது நிறுத்தி, என்ன பிள்ளை விளங்கினது என்று கேட்டிருக்கவேண்டும். ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மாதமே கொம்பனியிலிருந்து ரெலிபோன் வந்தது. பொரித்த குஞ்சுக்கும் லொறியில் ஏறிய குஞ்சுக்கும் இடையில் மூன்று பெட்டி இல்லையாம். ஒரு பெட்டி என்றால் நூறு குஞ்சு. அடுத்த பொரிப்பில் ஐந்து பெட்டி இல்லை. கொம்பனியின் மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்தார். நல்ல மனிசர், கோபப்படவில்லை. மெசின் அறையைப் பார்த்தார், பெட்டி கட்டும் அறையைப் பார்த்தார், வாசலையும் பார்த்தார்.

“அறையிலே கணக்குச் சரி, ஹாஜியார். வாசலுக்கு வெளியிலேதான் குறையுது. வாசலிலே யார் நிக்கிறது?” என்று கேட்டார்.

ஹமீட் திரும்பிப் பார்த்தார். வாசலில் அன்னபாக்கியம் ஒரு குஞ்சின் காலைப் பிடித்து ஊதிக்கொண்டு நின்றாள்.

ஹமீட் நல்லவர். ஆனால் மனம் நோகும் கதை ஒன்றைக் கதைக்கவேண்டி வந்தால் கால் நடுங்கும் மனிசர். நேரே கேட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்துபோயிருக்கும். அவர் நேரே கேட்கவில்லை. இரண்டு நாள் அங்குமிங்கும் நடந்துவிட்டு, மூன்றாம் நாள் அவளிடம் வந்து, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அன்னம் அக்கா, கொஞ்ச நாளைக்குத் தட்டுக் கழுவுற பக்கம் நில்லுங்கோ. நாஸிம் எண்ணட்டும்.”

“ஏன் முதலாளி? நான் எண்ணுறதிலே என்ன?”

“ஒண்டுமில்லை. உங்கட தொண்டைக்கும் ஓய்வு வேணும்தானே.”

அவளுக்கு அப்போது விளங்கவில்லை. தொண்டைக்கு இரக்கப்படுகிறார் என்றே நினைத்தாள். தட்டுக் கழுவும் தொட்டியடியில் போய் நின்று, முட்டை ஓடும் பிசுக்கும் ஒட்டிய தட்டுகளைச் சவர்க்காரத் தண்ணீரில் தேய்க்கத் தொடங்கினாள். வாசலில் நாஸிம் எண்ணினான். அவன் லொறிச் சாரதி, புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் வாய்பாடு சொல்வது போல “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணினான். அந்த முறை ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

அதற்கு அடுத்த முறையும் குறையவில்லை.

அதோடு கதை முடிந்துவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் வாசலில் நின்றபோது பெட்டி காணாமல் போனது, அவளை எடுத்த பிறகு போகவில்லை. பெட்டி கட்டும் பெண்கள் அவள் வந்தால் கதையை மாற்றினார்கள். தேத்தண்ணீர் நேரத்தில் வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, இருக்கத்தான் ஆள் இல்லை. காவலுக்கு நிற்கும் தவராசா, அவள் மாலையில் வெளிக்கிடும்போது அவளுடைய பையைப் பார்க்காதது போலப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கிய அந்த நேரம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியின் மனைவி ஜொஹறா அவளுடைய வீட்டுக்கு வந்தா. ஒருநாளும் வராதவ. முருங்கையிலை கேட்டு வந்ததாகச் சொன்னா. முதலாளி வீட்டு வேலியில் முருங்கை காடாய் நிற்பது அன்னபாக்கியத்துக்குத் தெரியும். என்றாலும் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கப் போனாள். திரும்பி வந்தபோது ஜொஹறா வளவின் பின்பக்கம் நின்றா. அங்கே ஆறேழு வெள்ளைக் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தன.

“நல்லாய் வளர்ந்திருக்கு,” என்றா ஜொஹறா.

“கால் நொண்டிக் குஞ்சுகள், அம்மா. எறியப் போனதை முதலாளிதான் கொண்டுபோகச் சொன்னவர். நல்லெண்ணெய் போட்டு உருவி எடுத்தனான்.”

“ஓம் ஓம், சொன்னவர்தான்,” என்றா. முருங்கையிலையை வாங்கிக்கொண்டு போகும்போது ஜொஹறாவின் முகத்திலும் சந்தோசமில்லை. பார்க்க அனுப்பப்பட்டவவுக்கே அது கூச்சமாக இருந்திருக்கவேண்டும்.

அன்று மாலை அன்னபாக்கியம் குசினிக்குள் இருந்து அழுதாள். சத்தமில்லாமல். அவ்வளவு பெரிய குரல்காரி சத்தமில்லாமல் அழுததுதான் ஐயாத்துரைக்குப் பயத்தைக் கொடுத்தது.

“நாளைக்கே வேலையிலே இருந்து நிண்டுபோடு. அந்தக் குஞ்சு வேலை இல்லாட்டி நாங்கள் பட்டினியோ? நான் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுப்பன்,” என்றார்.

“நிண்டால்?”

“நிண்டால் நிம்மதி.”

“நிண்டால் கள்ளி. கண்டுபிடிச்சவுடனே ஓடிவிட்டாள் எண்டு சொல்லுவினம். அங்க எல்லாத்தையும் விட்டிட்டு ஒருக்கால் இஞ்ச ஓடி வந்தம். இதை விட்டிட்டு ஓடமாட்டன். வற்றாப்பளை அம்மாளாணை நான் ஒரு குஞ்சின்ர இறகுகூட எடுக்கேல்லை. உண்மை வெளிக்கும்வரைக்கும் அந்தத் தொட்டியடியிலே நிப்பன்.”

எப்படி வெளிக்கும் என்று அவளுக்கே தெரியாது. வைராக்கியம் மட்டும் இருந்தது.

தொட்டியடியில் நின்றாள். தட்டுகளை முன்னர் யாரும் கழுவாத அளவுக்குக் கழுவினாள். கோபம் அவ்வளவையும் தேங்காய்த் தும்பில் காட்டினாள். மேற்பார்வையாளர் வந்தபோது தட்டுகளின் சுத்தத்தை மெச்சினாராம், அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. வாசலில் நாஸிம் எண்ணும் சத்தம் பாதியில் ஜெனரேற்றருக்குள் அமிழ்ந்துபோகும். இவன் எண்ணுறதை மற்ற லொறிக்காரன் கேட்டானோ, குஞ்சு கேட்டுதோ என்று தன்பாட்டில் முணுமுணுப்பாள். றினோஸா மட்டும் முன்போலவே தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி குறைந்த கதையையோ சந்தேகத்தையோ மாமா அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேயில்லை. வயது வந்த பிள்ளை, வீண் கதை எதற்கு என்று விட்டுவிட்டார். அன்னபாக்கியம் வயதுக்கு ஏலாமல் தானாகவே கேட்டுக் கழுவும் வேலைக்குப் போனவள் என்றே றினோஸா நினைத்திருந்தாள்.

இதற்கிடையில், காணாமல் போன குஞ்சுகள் எங்கேயோ தீன் தின்று வளர்ந்துகொண்டிருந்தன.

நாற்பது நாள் ஆனது. மாங்குளத்தில் முதல் கொட்டில் கோழி ஏற்றும் நாள் வந்தது. கொட்டில்காரர் தில்லைநாதன், பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிசர். அடுத்த தொகுதிக் குஞ்சுக்குச் சொல்லவேண்டும் என்று கோழி லொறியிலேயே ஏறி, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வெயிலில் காய்ந்து, மத்தியானம் போல நெளுக்குளத்தில் வந்து இறங்கினார். கையில் ஒரு போத்தல் வன்னித் தேன்.

ஹமீட் அந்த நேரம் ரெலிபோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் கொம்பனி. இந்த முறை குறையென்று இல்லை, கூடிப்போயிற்றாம். மாங்குளத்துக் கொட்டிலில் போட்ட குஞ்சை விட ஏற்றின கோழி கூட என்று லொறிக்காரன் ரெலிபோனில் சொன்னானாம். உங்கள் பக்கம் புறொயிலர் கோழி குட்டி போடுமோ என்று மேற்பார்வையாளர் பகிடியாகத்தான் கேட்டார். ஹமீட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெலிபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், தில்லைநாதன் தேன் போத்தலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“முதலாளி, உங்களுக்குப் பெரிய மனம்.”

“என்னத்துக்கு அண்ணை தேன்?”

“லாபப் பெட்டிக்குத்தான்.”

“எந்த லாபப் பெட்டி?”

தில்லைநாதன் சிரித்தார். முதலாளி தன் தருமத்தை மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்.

“லொறியோட வந்த கணக்குத் துண்டிலே பத்துப் பெட்டி எண்டு கிடந்தது. இறக்கி எண்ணினால் பதினொண்டு. சாரதிப் பொடியனிட்டைக் கேட்டன். அந்த அம்மா லாபம் எண்டு கூப்பிட்டுத்தான் ஏத்தினவா எண்டு சொன்னான். அதுக்கு முந்தின முறை ஓமந்தையிலே வெயிலுக்க நிண்டு எனக்கு ஒரு பெட்டிக் குஞ்சு செத்ததெல்லோ? அதுக்குத்தான் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் லாபமாய்த் தந்திருக்கிறியள் எண்டு விளங்கீட்டுது. செட்டிகுளத்துக்காரருக்கும் அப்பிடிக் கிடைச்சதாம். அவையும் உங்களை வாழ்த்துகினம்.”

ஹமீட் கதிரையில் இருந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டிருந்த றினோஸா, தான் நன்றாக அறிந்த விசயம் ஒன்றைப் பெரியவர்கள் கதைக்கிறார்கள் என்ற நிம்மதியோடு திரும்பினாள்.

“அது அன்ரி முதல்ல கூப்பிடுற பெட்டிதானே மாமா? லாபம்னு. நான் அதைக் கழிச்சுட்டுத்தான் துண்டுல போடுவேன். அன்ரி பதினொண்டுல நிப்பாட்டினா நான் பத்துன்னு எழுதுவேன். குருநாகல்லயும் அப்படித்தான், வழியில சாகுறதுக்கு லொறிக்கு ஒரு பெட்டி சும்மா குடுப்பாங்க, கணக்குல சேர்க்க மாட்டாங்க. நாஸிம் நானா எண்ண வந்த பிறகு நீங்க அதைக் குடுக்கிறதில்லதானே? பாவம் கொட்டில்காரங்கன்னு நானும் நினைச்சேன்.”

ஹமீட் மனதுக்குள் கணக்குப் போட்டார். அவருடைய இடத்தில் வழியில் சாகிற குஞ்சுக்கென்று ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு குஞ்சு கூடவே போட்டுக் கட்டுவார்கள். தனிப் பெட்டி என்று ஒன்று இருந்ததேயில்லை. ஒரு முறை மூன்று லொறி போனது, மூன்று பெட்டி குறைந்தது. அடுத்த முறை ஐந்து லொறி, ஐந்து பெட்டி. எல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது.

“வா பிள்ளை,” என்று எழும்பினார். “தில்லை அண்ணை, நீங்களும் வாங்கோ.”

தொட்டியடியில் அன்னபாக்கியம் முழங்கைவரை நுரையோடு நின்றாள். முதலாளியும், அவர் பின்னால் கணக்கெழுதும் பிள்ளையும், அதற்குப் பின்னால் தேன் போத்தலோடு ஒரு பெரிய ஆளும் வருவதைக் கண்டு, இன்றைக்குத் துரத்தப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

“அக்கா, இந்தத் தட்டுகளை ஒருக்கால் எண்ணுங்கோ,” என்றார் ஹமீட்.

“ஏன்? இப்ப தட்டும் காணேல்லையோ?”

“எண்ணுங்கோ அக்கா. கோவிக்காதேங்கோ.”

அவள் கையை உதறினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த தொண்டை முழுவதையும் திறந்து, தட்டுக்கு ஒரு அடி கொடுத்து எண்ணினாள்.

“லாபம்! ரெண்டு! மூண்டு! நாலு! அஞ்சு! போதுமோ?”

றினோஸாவின் கை வாய்க்குப் போனது.

“அன்ரி,” என்றாள் மெல்ல. “ஒண்டு எங்க?”

“என்ன ஒண்டு?”

“ரெண்டுக்கு முன்னாலே ஒண்டு சொல்லல்லையே.”

“சொன்னனே. லாபம் எண்டு. அதுதான் பிள்ளை ஒண்டு!”

பெட்டி கட்டும் அறையிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நாஸிம் லொறிக்குக் கீழிருந்து கிரீஸ் கையோடு எழும்பி வந்தான். தில்லைநாதன்தான் முதலில் சிரித்தார். அந்தப் பெரிய உடம்பு முழுவதும் குலுங்கச் சிரித்தார். நெல் அளக்கிற மனிசன், தானும் லாபம் என்று எண்ணித்தான் பெட்டிகளை இறக்கினார். தனக்கு ஒரு பெட்டி சும்மா வருகிறது என்றவுடன் அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம்தான் அவருக்கும் இனித்திருக்கிறது. ஹமீட் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்தார்.

“அக்கா, கடையிலே இருவது வருசம் நானும் லாபம் எண்டுதான் அளந்தனான். பழகின சொல்லு. அதாலதான் என்ர காதிலே விழேல்லை. உங்களை நான்... அந்த நினைப்பு எனக்கு வந்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

நடந்தது முழுவதையும் அவர் சொல்லச் சொல்ல, அன்னபாக்கியம் தொட்டி விளிம்பில் இருந்துவிட்டாள். குஞ்சு களவு போகவில்லை. ஒரு குஞ்சும் போகவில்லை. எல்லாம் மாங்குளத்திலும் செட்டிகுளத்திலும் கொழுத்து நின்றிருக்கின்றன. கிழமைக் கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது அவளுக்கே தெரிந்தது. மூச்சு இவ்வளவு சுகமாக வரும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சந்தோசத்தில் அழுகை வந்தது, இந்த முறை சத்தமாக, வாசல்வரை கேட்க.

றினோஸா அவளுக்குப் பக்கத்தில் குந்தினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னாலதான் அன்ரி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“நீ என்ன பிள்ளை செய்வாய்? புத்தளத்து முகாமுக்க வளர்ந்தனீ. நெல்லு அளக்கிறதை நீ எங்க கண்டனீ?” என்று நுரைக் கையாலேயே அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். பிறகு எழும்பி ஹமீட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

“முதலாளி, பிள்ளையிலே எனக்குக் கோபமில்லை. உங்களிலேதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். என்னை வாசலிலே இருந்து எடுத்தது சத்தமில்லாமல். திருப்பி வைக்கிறது சத்தமாய் இருக்கவேணும். எல்லாருக்கும் கேக்க.”

“ஓம் அக்கா,” என்றார் ஹமீட்.

அடுத்த பொரிப்பு நாள் காலையில் வாசலில் ஐந்து லொறி நின்றன. சாரதிகள், பெட்டி கட்டும் பெண்கள், காவல் தவராசா, குஞ்சு ஏற்ற வந்த கொட்டில்காரர்கள் எல்லாரையும் ஹமீட் கூப்பிட்டார். ஜெனரேற்றரையும் நிறுத்தச் சொன்னார். மனம் நோகும் கதைக்குக் கால் நடுங்கும் அந்த மனிசர், நடுங்கிய காலோடேயே முன்னுக்கு வந்து, அன்னம் அக்காவில் ஒரு பிழையும் இல்லை, பிழை முழுவதும் தன்னுடையது என்று உரத்துச் சொன்னார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார். தவராசா தன் செருப்பைப் பார்த்தார். ஜொஹறா முன்னுக்கு வந்து அன்னபாக்கியத்தின் கையைப் பிடித்து, “அண்டைக்குக் கொண்டுபோன முருங்கையிலையைச் சமைக்கவே இல்லை, மனம் வரேல்லை,” என்றா. ஐயாத்துரையும் வந்திருந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று, வெற்றிலை போடுவது போலத் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்தார்.

“சரி அக்கா, தொடங்குங்கோ,” என்றார் ஹமீட். “இனிமேல் மட்டும் ஒண்டு எண்டு சொல்லுங்கோ, என்ன? கொம்பனிக்காரருக்காக.”

“ஓம் முதலாளி.”

ஜெனரேற்றர் மறுபடி உறுமத் தொடங்கியது. நாஸிம் முதல் பெட்டியைத் தூக்கினான். உள்ளே நூற்று இரண்டு குஞ்சு கீச்சிட்டன. அன்னபாக்கியம் வாயைத் திறந்தாள். ஒண்டு என்று சொல்லத்தான் திறந்தாள். சொல்லும் வந்தது, தொண்டைவரை. ஆனால் இவ்வளவு நல்ல காலை, இவ்வளவு குஞ்சு, திரும்பக் கிடைத்த வாசல். தனி ஒன்று என்று தொடங்க அவளுக்கு மனம் வரவில்லை.

“லாபம்!” என்று கூப்பிட்டாள்.

எல்லாரும் ஹமீட்டைப் பார்த்தார்கள். ஹமீட் றினோஸாவைப் பார்த்தார். றினோஸா பேனையை எடுத்து, துண்டில் கோடு ஒன்று கீறி, அன்னபாக்கியத்துக்குக் குறையாத சத்தத்தில் திருப்பிக் கூப்பிட்டாள்.

“ஒண்டு!”

“ரெண்டு!” என்றாள் அன்னபாக்கியம்.